இடது கையின் வேலை

மாடல் கார்களோடு கழிந்த காலத்தில் எந்தக் காருக்கு எந்த நீலம் அடித்தேன் என்பதெல்லாம் மங்கிவிட்டது. இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு மூங்கில் குச்சி மெல்ல உருளும் உணர்வு மட்டும் அப்படியே இருக்கிறது. குச்சியின் முனையில் ஒரு சக்கரம் இருக்கும், அல்லது ஒரு புகைக்குழாய், அல்லது பெயர் தெரியாத ஏதோ ஓர் எஞ்சின் உறுப்பு. வலது கையில் தூரிகை. இந்தக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வலது கையைப் பற்றியே பேசுகிறார்கள்: எத்தனையாம் எண் தூரிகை, எந்தக் கம்பெனி வண்ணம், தின்னர் எவ்வளவு கலப்பது. "எனக்குக் கை நடுங்கும், இதெல்லாம் வராது" என்று ஒதுங்கிப் போகிறவர்களும் வலது கையை நினைத்துத்தான் ஒதுங்குகிறார்கள். எனக்குப் பல காலமாக இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நுண்ணிய பாகங்களில் வண்ண வேலை சரியாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இடது கையின் பொறுப்பு. பாகத்தை எந்த இடத்தில், எதைக் கொண்டு பிடிப்பது என்று தூரிகையை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் சாதாரணமான கை போதும். அதை முடிவு செய்யாமல் உட்கார்ந்தால் ஓவியரின் கையும் திணறும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1976, 1977 ஆகிய இரண்டு பருவங்களில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய டிரல் பி34. டெரெக் கார்ட்னர் வடிவமைத்த அந்தக் காருக்கு ஆறு சக்கரம். முன்னால் மட்டும் நான்கு. முன்பக்கச் சக்கரங்களைச் சிறிதாக்கி மூக்குப் பகுதியின் பின்னால் மறைத்துவிட்டால் காற்றின் எதிர்ப்பு குறையும் என்பது அவர் கணக்கு. 1976 ஸ்வீடன் பந்தயத்தில் ஜோடி ஷெக்டர் முதலாவதாகவும் பாட்ரிக் டெபயே இரண்டாவதாகவும் அதை ஓட்டி வந்தார்கள். ஆறு சக்கரக் கார் ஒன்று அந்தப் பந்தய வரிசையில் வென்றது அந்த ஒரு முறைதான். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் இந்தக் காரை 1:12, 1:20 என்ற இரு அளவுகளில் பிளாஸ்டிக் கிட்டாகக் கொண்டுவந்தது. 1:20 அளவில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வேலையின் இயல்பு புரிந்துவிடும். முன் சக்கரம் நிஜக் காரில் 10 அங்குலம். டயரை விட்டுவிட்டால் கிட்டில் 12.7 மில்லிமீட்டர். அந்தக் காரின் காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயர் நிஜத்தில் ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமன் என்றால், மாடலில் அது 0.4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிடத் தடித்த வயரைச் சொருகினால் எஞ்சினுக்குத் தோட்டத்து ஹோஸ் மாட்டியது போல் ஆகிவிடும். வி வடிவத்தில் நான்கு நான்காக நிற்கும் சிலிண்டர்களின் மேலே எட்டுக் காற்றுக் குழல்கள், எக்காள வாய் போல விரிந்தவை. ஓட்டுநர் தன் முன் சக்கரங்களைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் இருக்கையின் இரு பக்கச் சுவரிலும் சின்னஞ்சிறு கண்ணாடிச் சன்னல்கள். இவற்றில் எதையும் வெறும் விரலால் பிடித்துக்கொண்டு வண்ணம் தீட்ட முடியாது என்பதை முயன்று பார்க்காமலே ஒப்புக்கொள்ளலாம்.

இப்போது கை நடுக்கத்தைப் பற்றி. நோயால் வரும் நடுக்கம் வேறு. உடல்நலத்தோடு இருக்கிற எல்லோர் கையும் விநாடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை வரை மிக நுண்ணியதாக ஆடிக்கொண்டே இருக்கிறது. களைப்பு, பதற்றம், காபி மூன்றும் அதைக் கூட்டுகின்றன. எதையாவது இறுக்கிப் பிடித்தாலும் கூடும். இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் துப்பாக்கி சுடும் போட்டிகளில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் ஒருவர் அந்த வகை மருந்தினால் இரண்டு பதக்கங்களை இழந்தார். உலகத்தின் மிகச் சிறந்த சுடுநர்கள் வரிசையில் நின்றவர்களுக்கே நடுக்கம் ஒரு பிரச்சினை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நுண் அறுவை மருத்துவர்களின் கையில்கூட இந்த ஆட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். 1:20 அளவில் அதைப் பெருக்கினால் 2 மில்லிமீட்டர். நிஜக் காரின் மேல் ஒரு கோடு 2 மில்லிமீட்டர் வளைந்து நெளிந்து போனால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். ஆக, ஆடாத கை என்று ஒன்றைத் தேடிப் போவது வீண். அது யாரிடமும் இல்லை.

தேட வேண்டியது வேறொன்று இருக்கிறது. தூரிகை ஆடுவதால் கோடு கெடுவதில்லை. தூரிகை ஒரு பக்கமும் பாகம் மறுபக்கமும் ஆடும்போதுதான் கெடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே மாதிரி ஆடினால் அவற்றுக்கு நடுவே ஆட்டமே இல்லை. ஓடும் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத் தெரிகிறதே, அதே கணக்கு. இதைக் கைக்குப் பழக்குவது எளிது. இரண்டு முழங்கைகளும் மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியும் ஒன்றோடொன்று முட்டியிருக்க வேண்டும். வலது கைச் சுண்டுவிரல் இடது கையின் மேல் எங்கேனும் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது இரண்டு கைகள் ஒரே கட்டையாகிவிடுகின்றன; அந்தக் கட்டை எப்படி ஆடினாலும் கவலையில்லை. தோளிலிருந்து கை நீட்டி அந்தரத்தில் தீட்டுகிறவருக்கு ஆட்டம் இரண்டடி நீளமுள்ள நெம்புகோலின் முனையில் வந்து சேர்கிறது. சுண்டுவிரல் ஊன்றியவருக்கு அந்த நெம்புகோலின் நீளம் இரண்டு அங்குலம். இதே காரணத்தால் பாகத்தை மாட்டும் கைப்பிடியும் குட்டையாக, தடிமனாக இருப்பது நல்லது. நீண்ட மூங்கில் குச்சி வண்ணம் உலர்த்துவதற்குத் தோது. தெர்மகோலில் குத்தி நிறுத்திவிடலாம். தீட்டும்போது மட்டும் அதன் முனையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் விரல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையின் நடுக்கத்தைக் குச்சியே பெருக்கிக் காட்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் சாமணம் இதற்கு எவ்வளவு பொருத்தமில்லாத கருவி என்பது தெரியும். சாமணம் ஒரு பொருளை எடுக்கவும் வைக்கவும் ஏற்பட்டது. பிடித்துக்கொண்டே இருப்பதற்கு ஏற்பட்டதல்ல. அதன் இரண்டு நுனிகளும் கோணத்தில் சந்திக்கின்றன. உருண்டையான பாகத்தை அழுத்தினால் அழுத்தத்தில் ஒரு பகுதி பாகத்தை வெளியே தள்ளும் விசையாக மாறுகிறது. ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அப்படித் தெறித்துப் போன கதவுக் கைப்பிடிகளும் பின்பார்வைக் கண்ணாடிகளும் மேசைக்கடியில் தேடிக் கிடைத்ததாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. பாகம் தப்பாமல் இருக்கவேண்டுமே என்று இறுக்கினால் நடுக்கம் கூடுகிறது. தளர்த்தினால் பாகம் போகிறது. இந்தச் சங்கடத்துக்கு விடையாக ஒரு தலைகீழ்ச் சாமணம் கிடைக்கிறது. அமுக்கினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். பிடிக்கும் வேலை கையிலிருந்து எஃகின் வில்விசைக்கு மாறிவிடுகிறது. கை வெறுமனே தாங்கினால் போதும். ஆயினும் அதுவும் இரண்டு புள்ளிகளில்தான் பிடிக்கிறது. திடப்பொருள் எதற்கும் ஆறு வகை அசைவு உண்டு: மூன்று திசைகளில் நகர்தல், மூன்று அச்சுகளில் சுழல்தல். இயந்திரப் பட்டறையில் ஒரு வார்ப்பைத் துளையிட வைக்கும்போது அடியில் மூன்று புள்ளி, பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று என்று ஆறு புள்ளிகளில் தாங்கவைத்து அந்த ஆறையும் அடைப்பார்கள். இரண்டு புள்ளியில் பிடித்த பாகம் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டையே அச்சாக்கிக்கொண்டு, தூரிகை தொட்டவுடன் திரும்பிக்கொள்ளும். தூரிகையின் குற்றமாகச் சொல்லப்படும் தடுமாற்றத்தில் பாதி இந்தத் திரும்பல்தான்.

அப்படியானால் எங்கே பிடிப்பது? என் பார்வையில் இந்த வேலையின் முழு அறிவும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மாடலின் எந்தப் பாகத்துக்கும் இன்னொரு பாகத்தோடு சேரும் ஒரு முகம் உண்டு. சேர்ந்தபின் அது யார் கண்ணுக்கும் படாது. பிடிக்க வேண்டியது அங்கேதான். அதில் ஒரு கூடுதல் லாபமும் இருக்கிறது. கிட்டுகளின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவம் பசையாக வேலை செய்வதில்லை. பிளாஸ்டிக்கையே கரைத்து இரு பாகங்களை ஒன்றாகப் பற்றவைக்கிறது. ஆகவே சேரும் முகத்தில் வண்ணம் இருந்தால் பற்று நிற்காது. பிறகு சுரண்டி எடுக்க வேண்டும். கைப்பிடி அந்த முகத்தை மூடிக்கொண்டிருந்தால் வண்ணம் அங்கே போகவே போகாது. பி34-இன் முன் சக்கரத்தை எடுத்துக்கொண்டால், அச்சு நுழையும் துளையில் கூம்பிய பல்குச்சியை அழுத்திச் சொருகினால் போதும். விளிம்பு வளையத்துக்கு வெள்ளி தீட்டும்போது தூரிகையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு குச்சியை உருட்டுவார்கள். வட்டத்தைச் சக்கரமே போட்டுக்கொள்ளும். வலது கைக்கு அங்கே வேலையே இல்லை. எட்டுக் காற்றுக் குழல்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் அரை மில்லிமீட்டர் துளையிட்டு ஒரு பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டிவிடுவது. தீட்டும்போது கம்பிதான் கைப்பிடி. உலர்ந்த பிறகு அதைக் குட்டையாக வெட்டி, எஞ்சினில் அதே அளவு துளையிட்டு இறக்கினால் அதுவே ஆணியாகி இணைப்பைத் தாங்குகிறது. பிடிப்பதற்கென்று செய்த ஒன்று பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கிவிடும் இந்த ஏற்பாட்டைப் போல எனக்குத் திருப்தி தந்தது இந்தப் பொழுதுபோக்கில் அதிகமில்லை.

நான் சொல்வதில் புதிது ஒன்றுமில்லை என்பதற்குப் பழைய நுண்தொழில்கள் சாட்சி. கடிகாரக்காரர்களின் சிறு கடைசல் எந்திரத்தில் ஒரு பித்தளை முகத்தின் மேல் அரக்கை உருக்கி, கைக்கு அகப்படாத சக்கரத்தையோ அச்சையோ அதில் பதித்துக் கடைவது நெடுநாளைய வழக்கம். வேலை முடிந்ததும் சூடாக்கிக் கழற்றி, மிச்சத்தைச் சாராயத்தில் கரைத்துவிடுவார்கள். நம் பொற்கொல்லர்களும் நகையை அரக்கில் பதித்துத்தான் சித்திர வேலை செய்கிறார்கள். உலோகச் செதுக்கு வேலைக்காரர்களின் மேசையில் கனமான இரும்புக் குண்டு ஒன்று இருக்கும், மேலே கவ்வி வைத்தது. உளி பிடித்த கை கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்க, இடது கை குண்டைத் திருப்பித் திருப்பி உலோகத்தை உளிக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். வளைவு எல்லாம் இடது கையில் பிறக்கிறது. தொழிற்சாலைக்குப் போனாலும் இதே பாடம்தான். 1974-இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களின் உடலில் பல நிறப் பட்டைகளும் படங்களும் அச்சாகி வரத் தொடங்கின. மிருதுவான சிலிக்கோன் திண்டு ஒன்று தகட்டிலிருந்து மையை எடுத்துக் காரின் மேல் ஒற்றும் முறை அது. வளைந்த பரப்பில் நிறத்துக்கு நிறம் பிசகாமல் விழ வேண்டுமென்றால் ஒவ்வொரு காரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அதற்காகக் காரின் உருவத்துக்கேற்பக் குழிந்த ஒரு தாங்கி செய்கிறார்கள். திண்டு பல கார்களுக்குப் பொதுவாக இருக்கலாம். தாங்கி காருக்குக் கார் மாறும்.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் முதலாவது, தேர்ந்தவர்களைக் காட்டிச் சொல்வது: அவர்கள் பாகத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அலட்சியமாகத் தீட்டுகிறார்களே? தீட்டுகிறார்கள். அவர்கள் கைகளைக் கவனித்தால் மேலே சொன்ன ஊன்றலெல்லாம் உடம்பின் பழக்கமாகிவிட்டிருப்பது தெரியும். தூரிகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது மந்திரமாகத் தோன்றுகிறது. விரல் நுனி நல்ல பிடிமானம் என்பதையும் மறுப்பதற்கில்லை. பாகத்தின் உருவத்துக்குத் தானே வளைந்து கொடுக்கும் இன்னொரு கருவியை நான் கண்டதில்லை. அதன் குறை எண்ணெயும் சூடும். எண்ணெய் பட்ட பிளாஸ்டிக்கில் வண்ணம் பற்றாது. காயாத பூச்சில் ரேகை விழும். கையுறை போட்டால் எண்ணெய் போகிறது, கூடவே தொடுவுணர்வும் போகிறது. இரண்டாவது ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. ஐந்து விநாடியில் தீட்டி முடிக்கும் ஒரு மூடிக்குப் பதினைந்து நிமிடம் கைப்பிடி செய்வதா? தீட்டும் நேரத்தை மட்டும் எண்ணினால் இது நியாயமான கேள்வி. எனாமல் வண்ணம் நன்றாகக் காய ஓர் இரவும் அதற்கு மேலும் ஆகும். அத்தனை நேரம் பாகத்தை எதுவும் தொடாமல், தூசி ஒட்டாமல் எதுவோ ஒன்று தாங்கியாக வேண்டும். அடுத்த பூச்சுக்கு, கழுவலுக்கு, மினுக்குப் பூச்சுக்கு என்று அதே பாகம் மூன்று நான்கு முறை திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிடிமானம் தேடுவதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வரிசையாக நிற்கும் எட்டுக் குழல்களில் ஒன்றின் விளிம்பு மட்டும் தடித்துவிட்டால் கண் அதையே போய்ப் பார்க்கும் என்பது தனி.

மூன்றாவது ஆட்சேபம்தான் பலமானது. அதற்கு நான் பாதி இணங்கிப் போகிறேன். பாகங்கள் கிட்டில் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியே வருகின்றன. அந்தச் சட்டத்தைவிட நல்ல கைப்பிடி உண்டா, அதிலேயே வைத்துத் தீட்டிவிட்டு வெட்டி எடுத்தால் என்ன என்பார்கள். உள்ளே மறையும் கியர் பெட்டி, இருக்கையின் அடிப்புறம் போன்றவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம்; நானும் அப்படித்தான். வெளியே தெரியும் பாகத்தில் இரண்டு தடைகள். வார்ப்பின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைச் சட்டத்தில் இருக்கும்போது முழுதும் உப்புத்தாள் போட்டு எடுக்க முடியாது. மற்றது, வெட்டிய இடத்தில் தங்கும் வடு. சட்டத்தோடு பாகத்தை இணைக்கும் அந்தக் கழுத்து எங்கே வர வேண்டும் என்று தீர்மானித்தவர் வார்ப்பச்சு செய்த பொறியாளர். உருகிய பிளாஸ்டிக் எங்கிருந்து பாய்ந்தால் அச்சு நிறையும் என்பது அவர் கவலை. நாம் எங்கே பிடிக்க விரும்புவோம் என்பதில்லை. குரோம் முலாம் பூசிய பாகங்களில் அந்த வடு வெள்ளியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் என்பதால், கவனமுள்ள தயாரிப்பாளர்கள் அவற்றின் கழுத்தை மறையும் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அப்படி அமைந்த பாகத்தை ஒரு சிறு துண்டுச் சட்டத்தோடு சேர்த்தே வெட்டி எடுத்து, அந்தத் துண்டையே பிடியாக வைத்துக்கொள்வது மிகச் சிறந்த வழி. கழுத்து சேரும் முகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கேள்வி. இந்த ஆட்சேபமும் கடைசியில் என் வாதத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது.

முதலைக் கிளிப்புகளும் லென்ஸும் பொருத்திய தாங்கி ஒன்றை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாலிடரிங் வேலைக்கு அது மிக நல்லது. கிளிப்பின் பல் பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும் என்பது சிறிய குறை. வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் பல்லுக்கு மாட்டிச் சமாளிக்கலாம். பெரிய குறை, அது அசையாது என்பது. எல்லோர் கைக்கும் தூரிகையை இழுப்பதற்கு இயல்பான திசை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பாகம் திரும்பித் தராவிட்டால் மற்றத் திசைகளுக்கெல்லாம் மணிக்கட்டை முறுக்க வேண்டிவரும், ஊன்றல் போய்விடும். ஒரு புட்டி மூடியில் ஒட்டிய புளூ டாக் என்ற பிசையும் ஒட்டுக்களி உருண்டையில் பாகத்தைப் பதித்து மூடியைத் திருப்பிக்கொள்வது, விலை கொடுத்து வாங்கும் தாங்கியைவிட எனக்கு உகந்தது. கைச் சூட்டில் அது இளகுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அரக்கைப் போல உருக்கி ஒட்டும் முறைகளை மட்டும் இங்கே கொண்டுவரக் கூடாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும், மெல்லிய பாகம் அதற்கு முன்பே முறுக்கிக்கொள்ளும்.

இந்த வழிக்கு அடங்காத பாகமும் உண்டு. பி34-இன் பக்கச் சுவரிலுள்ள அந்தக் கண்ணாடிச் சன்னல்கள் இரு புறமும் தெரிபவை. மறையும் முகம் என்று சொல்ல விளிம்பின் மெல்லிய ஓரம் மட்டுமே இருக்கிறது. சூப்பர் க்ளூவில் ஒரு துளி வைத்து ஊசி முனையில் நிறுத்தலாமென்றால் அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும். இரட்டைப் பக்க டேப் தடம் விடுகிறது. தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையை விளிம்பில் தொட்டு வைத்தால் சன்னல் நிற்கும். தூரிகையின் அழுத்தத்துக்குத் தாங்காது. ஆகவே அதைத் தனியாகத் தீட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு, உடலுக்கு நீலம் அடித்துக் காய்ந்த பிறகு சன்னலை அதன் இடத்தில் வெள்ளைப் பசையால் பொருத்திவிடுவது வழக்கம். சுற்றியுள்ள கறுப்பு வளையத்தை அதற்குப் பின்னால்தான் போட வேண்டும், காரையே இடது கையில் ஏந்திக்கொண்டு.